கதவைவிடப் பெரிய கூடு

“இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?”

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், சமையலறையின் பின்சுவரைக் காட்டி என் கணவரிடம் இப்படிக் கேட்டேன்.

“அய்யய்யோ, அது அப்பா தன் கையால கட்டின சுவரு. அதைத் தொட்டா வீட்டையே ரெண்டாக்கிடுவார். வேற எது வேணும்னாலும் கேளு.”

“வேற எதுவும் வேணாம்.”

“ஒரு ஆணிக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறியே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. கரண்டி மாட்டலாமேன்னு பார்த்தேன்.”

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஜன்னல். ஆணியில் ஆரம்பித்து மெல்ல அங்கே போகலாம் என்று பார்த்தேன். ஆணிக்கே இந்தப் பாடு என்றால் ஜன்னலை எந்த வாயால் கேட்பது? விழுங்கிவிட்டேன். விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

பகல் முழுக்க ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாலு பக்கமும் அடைத்த அறையில் ஊசியும் கையுமாக நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் இன்னொரு அடைத்த அறை. கொல்லைக்குப் போகும் கதவு ஒன்று சமையலறையின் அதே பின்சுவரில் இருக்கிறது. நான் திறப்பேன். “எலி வரும்மா” என்று மாமா வந்து தாழ் போடுவார். கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தாழ்தான் அவருக்கு முழுநேர உத்தியோகம்.

இந்த லட்சணத்தில்தான் கோழிகள் வந்து சேர்ந்தன.

நாத்தனார் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினாள். அங்கே கோழிக்கு இடமில்லையாம். “அண்ணி, ஒரே ஒரு வாரம்” என்று கூடையை வைத்துவிட்டுப் போனவள், அடுத்த வாரம் தீவன மூட்டையை அனுப்பினாள். ஒரு கறுப்பி, இரண்டு செவலை, எல்லோரையும் கொத்தும் சண்டைக்காரி ஒருத்தி. நான்கும் குளியலறையில் குடியேறின. நான் குளிக்கப் போகும்போது ஏதோ வாடகைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தன.

“கொல்லையில இடம் எங்க இருக்கு? ஒரு போர்வை காயப்போட்டாலே மதில்ல உரசுது” என்றேன்.

“அகலம் இல்லன்னா என்ன, உயரத்துல எடுத்துக்குவோம். மேல் தட்டுல தூங்கும், கீழ்த் தட்டுல நடக்கும்” என்றார் கணவர். தச்சு வேலைக்காரர். ஊரில் பாதிப் பேர் வீட்டு அலமாரி அவர் செய்தது. கொல்லையை மூன்று தடவை அளந்தார். மழை விடாமல் பெய்ததால் கூட்டைக் கூடத்திலேயே செய்ய ஆரம்பித்தார். சோபா சுவரோரம் ஒதுங்கியது. தலையணையில் மரத்தூள். கோந்து நாற்றம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூடு அழகாகத்தான் வந்தது. அதுதான் எரிச்சலே. முட்டையிடத் தனித் தடுப்பு, ராத்திரி உட்கார உருட்டுக் கட்டை, எச்சத்தை இழுத்துக் கொட்ட அடியில் ஒரு தட்டு. இரண்டு பக்கமும் கூரையை ஒட்டிக் கம்பிவலை போட்ட திறப்பு வேறு.

“இது எதுக்கு?” என்றேன்.

“காத்துக்கு. காத்து மேலாப்புல போய் வரணும். இல்லன்னா உள்ள ஈரம் தங்கி மூச்சு முட்டும். பாவம், வாயில்லா ஜீவன்.”

“வாய் இருக்கிறவங்களுக்கு முட்டாது போல.”

“என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்ல. குக்கர் கத்துது.”

விடுமுறை நாளில் மழை விட்டது. அப்பாவும் பிள்ளையுமாகக் கூட்டைத் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் என்பதால், கொல்லைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். பின்கதவில் வந்து கூடு ‘டொக்’ என்று நின்றது.

சாய்த்தார்கள். படுக்க வைத்தார்கள். தலைகீழாகப் பிடித்தார்கள். கதவுதான் குறுகல், கூடு போகவில்லை.

“யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவை அளப்பேன்னு பெருமையா சொல்லுவீங்களே?” என்றேன்.

“நம்ம வீட்டுக் கதவுதானே, தெரியாதா என்னன்னு விட்டுட்டேன்.”

“நல்லா விட்டீங்க. பிரிச்சுக் கொண்டு போய் வெளிய மாட்டுங்க.”

“கோந்து போட்டு இறுக்கினது. பிரிச்சா பலகை பிளந்துடும்.”

அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே கூடு அம்பாரமாக நின்றது. அடுப்பை எட்ட முடியவில்லை. வியர்வை கழுத்தில் வழிந்தது. குளியலறையிலிருந்து தப்பி வந்த கறுப்பி கூட்டுக்குள் ஏறி, உருட்டுக் கட்டையில் நிதானமாக உட்கார்ந்துகொண்டாள்.

மாமா சுவரைத் தடவிப் பார்த்தார். “நிலையைக் கழட்டிட்டு, கூரை முட்டுற உயரத்துல மட்டும் பக்கத்துல கொஞ்சம் இடிச்சா போயிடும்டா.”

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். “எதை மாமா இடிக்கிறது?”

“சுவரைத்தாம்மா.”

“இந்தச் சுவரையா?”

“நான் வெச்ச செங்கல், நான் எடுக்கறேன். யாரைக் கேக்கணும்?”

மனுஷர் எப்போதோ பரண் மேல் போட்ட சுத்தியலை எடுத்து வந்தார். வயசு குறைந்தவர்போல் அடித்தார். ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொன்ன சுவர், கோழிக்காகச் சமர்த்தாக உதிர்ந்தது. நான் துடைப்பத்தோடு பின்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தூசியைக் கூட்டினேன்.

கூடு போய்விட்டது. மதிலோரம் கச்சிதமாகப் பொருந்தியது. கணவர் நிலையைத் திரும்ப மாட்டினார். அதன் பக்கத்தில் என் முக உயரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே மழை ஈரத்தோடு காற்று வந்து என் நெற்றியில் பட்டது. அடுப்படியில் முதல்முறையாக வெளிச்சம் விழுந்தது. என் பாத்திரங்களுக்கு இப்படி ஒரு நிறமா?

மாமா சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா. சீக்கிரம் அடைச்சுடறேன், எலி வரும்.”

நான் நகரவில்லை.

“ஏம்மா, தள்ளேன். காஞ்சுடும்.”

கணவர் கொல்லையிலிருந்து ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். கூட்டைக் காட்டி ஒரே சிரிப்பு. “என்ன அப்படியே நிக்கறே? கோழிங்களுக்கு ஏதாவது குறை வெச்சுட்டேனா?”

“கோழிங்களுக்கு ஒரு குறையும் இல்ல” என்றேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, உதிர்ந்த செங்கல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டேன்.

“மாமா, இதை அடைக்காதீங்க. எனக்கு இங்க ஒரு ஜன்னல் வேணும்.”