வீக்கம் வற்றினால் போதுமா?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சியும் மல்லியும் கூடை கூடையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் மூச்சுவிட நேரமில்லாத அந்த வேளையில் பூ வியாபாரி அன்னக்கிளி மட்டும் தராசை விட்டுவிட்டு வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலையில் பல் தேய்த்தபோது எச்சிலெல்லாம் ரத்தம். கடைவாய் ஈறு புடைத்து விண் விண்ணென்று தெறித்தது.

அவளுக்கு இது புதிதில்லை. ஈறு வீங்கும்போதெல்லாம் மருந்துக்கடைக்குப் போய், "அந்தச் செவப்பு மாத்திர குடுங்க" என்பாள். டாக்டர் சீட்டு எங்கே என்று அங்கே கேட்க மாட்டார்கள். கிருமியைக் கொல்லும் அந்த மாத்திரையில் ஒன்றிரண்டு விழுங்கினால் வீக்கம் வற்றிவிடும். மீதியை, பல்வலி தொண்டைவலி என்று வருகிறவர்களுக்குத் தாராளமாக எடுத்துக் கொடுப்பாள். பாதி டாக்டர் என்று மார்க்கெட்டில் அவளுக்குப் பெயரே உண்டு.

இந்த முறை இரண்டு பற்கள் ஆடவும் தொடங்கியிருந்தன. லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கோமதிநாதன் விடாப்பிடியாக அவளை ஏற்றிக்கொண்டு போய், ஊரில் புதிதாகப் பல் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஜாய்லின் முன்னால் உட்கார வைத்தான்.

ஜாய்லின் ஒரு கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, பல்லடியில் கறுத்துப் படிந்திருந்த காரையைக் காட்டினார்.

"நோய் இங்கனதான் இருக்குக்கா. காரை ஈறுக்குள்ள வரைக்கும் எறங்கியிருக்கு. இதச் சுத்தம் பண்ணாம மாத்திரய மட்டும் போட்டா வீக்கந்தான் போவும், நோய் போவாது. இன்னைக்கே ஒரு பக்கம் சுத்தம் பண்ணிருவோம்."

"சுரண்டுனா இருக்க பல்லும் ஆடிப்போவும். நீங்க மாத்திர மட்டும் எழுதுங்க டாக்டரம்மா. யாவாரம் கெடக்கு."

"தேவயில்லாத மாத்திரய எழுத மாட்டேன்க்கா."

அன்னக்கிளி விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். வழக்கமான கடையில் வழக்கமான மாத்திரையை வாங்கினாள். அதோடு விட்டாளா? "மாத்திர எழுதக்கூடத் தெரியல, அதெல்லாம் ஒரு டாக்டரு!" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தாள். பேச்சு ஊருக்குள் பரவி, ஜாய்லின் கிளினிக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சொன்னது யார் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. தேவைப்பட்டவருக்கு எழுதினார், தேவையில்லாதவருக்கு எழுதவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கியபோது ஈறு மறுபடியும் வீங்கியது. சிவப்பு மாத்திரைக்கு வீக்கம் வற்றவில்லை. மருந்துக்கடைக்காரர் வேறு நிறத்தில் ஒன்று கொடுத்தார். அதற்கும் அடங்கவில்லை. கன்னம் பூசணியாகி, காய்ச்சல் கொதித்தது. வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை; எச்சில் விழுங்கவே வலித்தது.

"கெளம்பு, அந்த டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்றான் கோமதிநாதன். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"ஊரெல்லாம் பேசிட்டு இப்ப வெக்கப்பட்டு என்ன செய்ய? ஏறுட்டி வண்டியில!"

அவர்கள் போனபோது ஜாய்லின் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தார். அன்னக்கிளியின் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருப்பித் திறந்தார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி போட்டு, ஈறைக் கீறி, சீழை வெளியேற்றினார். பிறகு தானே உட்கார்ந்து மாத்திரை எழுதினார்.

அன்னக்கிளி குழறினாள். "அன்னைக்கு மாட்டேன்னீங்க… இன்னைக்கு நீங்களே எழுதுதீங்க?"

"அன்னைக்கு நோய் ஈறோட நின்னுது, சுத்தம் பண்ணுனாலே போதும். இன்னைக்குத் தாடைக்கு எறங்கி காய்ச்சலும் வந்துட்டு. இப்ப மருந்து இல்லாம ஆவாது. ஆனா தேவயில்லாதப்பல்லாம் அரைகொறயா முழுங்கி, ஒங்க செவப்பு மாத்திர கிருமிக்குப் பழகிப்போச்சு. அதான் வேற எழுதியிருக்கேன். நல்லாயிட்டுன்னு நடுவுல நிப்பாட்டிராதீங்க. இதுக்கும் கேக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்."

மறுநாள் காலை, கிளினிக் திறக்கும் முன்பே ஜாய்லினின் ஸ்கூட்டர் அன்னக்கிளியின் வீட்டு வாசலில் நின்றது. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது.

"ஒங்க பேரக் கெடுத்தவ நான். என்னப் பாக்க வீடு தேடி வந்திருக்கீங்களே!"

"அத அப்புறம் பேசிக்கிடுவோம்க்கா. காய்ச்சல் எறங்கியிருக்கு. கன்னத்தக் காட்டுங்க."

ஒருத்தி இப்படியும் இருப்பாளா என்று அன்னக்கிளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீக்கம் மெல்ல வற்றியது. அதன்பின் தவறாமல் போய் இரண்டு பக்கமும் காரையைச் சுத்தம் செய்துகொண்டாள். சர்க்கரை நோய் இருந்தாலும் ஈறு இப்படி வீங்கும் என்று டாக்டர் சொன்னதால் அதையும் சோதித்துக்கொண்டாள். ஆடிய பற்களில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றது உறுதியாக நின்றது. ரத்தமும் நின்றது.

ஒருநாள் கேந்திப்பூ வியாபாரி விஜயராஜ் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "யக்கா, ஈறு வீங்கிட்டு. அந்தச் செவப்பு மாத்திர ஒண்ணு தாங்களேன்."

அன்னக்கிளி பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏலே, வீக்கம் வத்துனா நோய் போச்சுன்னு நெனச்சுத்தான் நான் சாவக் கெடந்தேன். மாத்திர மேல தப்பில்ல. கண்டதுக்கும் நாமளே வாங்கி முழுங்குனா, உசுருக்குப் போராடுத அன்னைக்கு அது நமக்கு ஒதவாது. டாக்டர் குடுத்தா முழுசா சாப்பிடணும், வேண்டாம்னா விட்டுரணும். நடலே, அந்த அம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்!"