மூத்தவனுக்கு ஒரு பூசை

மனித குலத்தில் முன்னோர்களே தேவைப்படாத முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். எனக்கு முன்னால் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணம் கட்டி, செத்துப்போன அத்தனை பேரும் என்னை உண்டாக்கியதோடு தங்கள் கடமையை முடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் நான் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அவர்களும் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் நல்லது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர், "சரி, அந்தப் புத்தகத்தை இப்படித் தள்ளு" என்றார்.

நாங்கள் இருந்தது எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகப் பின்னறை. பக்கங்கள் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்திவைத்திருந்தார்கள். வெயில் பட்டால் மை வெளுக்குமென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். ஆக, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் சௌகரியமாக இருந்தன. சனிக்கிழமைதோறும் இதே கதை. பெரியப்பாவுக்குக் கண் மங்கல், கல்லூரி இல்லாத நாளில் எனக்கு வேலைவெட்டி இல்லை. அப்பா எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்.

தேடியது ஒரு பெயரை. "மூத்தவனுக்கு ஒரு பூசை வைங்க." சாகும்போது பெரியப்பாவின் அம்மா, என் பாட்டி, கடைசியாகச் சொன்னது இதுதான். சொன்னது, செத்தவர்களுக்கு வைக்கிற பூசை. ஆனால் அந்த வீட்டின் மூத்தவன் பெரியப்பா. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர் டம்ளரோடு, உயிரோடு நின்றுகொண்டிருந்தார். பாவம், நினைவு தப்பிவிட்டது என்றார்கள் எல்லாரும். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்திருக்கான்டா. பேரு தெரியாம எப்படிப் பூசை வைக்கிறது?"

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன பெரியப்பா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா போனதும் எல்லாரும் என்னையத்தான் பார்த்தாங்க. மூத்தவன் பார்த்துக்குவான், மூத்தவன் பார்த்துக்குவான்னு. தங்கச்சிங்க கல்யாணம், உங்கப்பன் படிப்பு... ஓஞ்சு போச்சுடா. இது என் வேலையே இல்ல, நான் மாத்து ஆளுதான்னு தெரிஞ்சா, கொஞ்சம் உக்காந்துக்குவேன்."

பெரியப்பா அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஒரு வரியைத் தாண்டச் சொன்னால் உயிரை விட்டுவிடுவார். அடியில் ஸ்கேலை வைத்து வரிவரியாகத்தான் வாசிப்பார். அது போதாதென்று, சில பெயர்களின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். அந்தக் குழந்தை பிற்பாடு இறந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நின்று முணுமுணுவென்று ஒரு ஜெபம். யார் பெற்ற பிள்ளையோ!

"இவங்க நம்ம சொந்தமா பெரியப்பா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? மைல் கல்லுக்கெல்லாம் பஸ் நின்னா எப்ப ஊர் போய்ச் சேர்றது?"

"பக்கத்தைத் திருப்புடா, பெரிய கண்டக்டரு."

அந்த முணுமுணுப்பைக் கல்லூரியில் நடித்துக் காட்டியிருக்கிறேன். நல்ல வரவேற்பு.

அன்றைக்கு ஞானஸ்நானப் புத்தகங்கள் தீர்ந்துபோயின. பெரியப்பாவுக்கு முந்தைய வருடங்கள் எல்லாம் வாசித்தாயிற்று, மூத்தவனைக் காணோம். அவர் ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய், அலமாரியில் அதே வருடங்களுக்கான ஒல்லிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். ஒல்லி என்பதுதான் காரணம். அடக்கப் பதிவேடு, அதாவது கல்லறையில் அடக்கம் பண்ணியவர்களின் கணக்கு.

கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா, உங்கப்பா பேரு இருக்கு. அம்மா பேரும்" என்றேன்.

ஆண் குழந்தை. பிறந்த அன்றே மரணம். உயிருக்கு ஆபத்து என்பதால் மருத்துவச்சி வீட்டிலேயே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினாள். பெரியப்பா பிறப்பதற்கு முந்தைய வருடம்.

முன்னறையிலிருந்து கிளார்க் வந்து எட்டிப் பார்த்தார். "வீட்ல தண்ணி ஊத்தின பிள்ளை, பிழைச்சுக் கோயிலுக்கு வந்தாத்தான் அந்தப் புத்தகத்துல ஏறும். வராத பிள்ளை நேரா இதுலதான்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

"நீங்க ஞானஸ்நானப் புத்தகம் கேட்டீங்க. குடுத்தேன்."

பெரியப்பா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்திருந்தார். அங்கே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அந்த அவசரத்தில் யாருக்கும் பெயர் தோன்றவில்லை போல.

எந்தப் பூசை யாருக்காக என்று குறிக்கும் பூசைக் கருத்து நோட்டை கிளார்க் எடுத்து வந்தார். "என்ன பேரு போடட்டும்?"

பெரியப்பா விரலை எடுக்கவில்லை. "மூத்தவன்னு போடுங்க. பெத்தவ கூப்பிட்ட பேரு அதுதான்."

"மூத்தவரு நீங்கதானே சார்?"

"இல்லைங்க, நான் ரெண்டாவது" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, இத்தனை சனிக்கிழமைகளில் முதல்முறையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். அப்படியே தூங்கியும் போனார்.

புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு கிளார்க் போய்விட்டார்.

மூடப்போனேன். மூத்தவனுக்குக் கீழே அடுத்த வரி. பெண் குழந்தை, பெயருக்குப் பதில் அதே மாதிரி ஒரு கோடு. எங்கள் சொந்தம் இல்லை. பெரியப்பா நன்றாகத் தூங்குகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைத்தேன். கல்லூரியில் நடித்துக் காட்டிக் காட்டி அந்த ஜெபத்தின் வார்த்தைகளெல்லாம் மனப்பாடமாகியிருந்தன. சத்தம் வராமல் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

பிறகு ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினேன்.