கொஞ்சம் பூசினாப்புல

வெள்ளிக்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டு, "வீட்ல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டால் பெண் கேட்கிறார்கள் என்று பொருள். அரபு ஊரான ஸர்க்காவில் இதைப் பச்சைப்பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டாம். கூப்பிடுகிறவள் தன் பெயரைச் சொல்ல மாட்டாள். நிறம், உயரம், உடம்பு எல்லாம் விசாரித்து, மனசுக்குப் பிடித்தால்தான் பெயர். பிடிக்கவில்லை என்றால் கூப்பிட்டது யார் என்றே தெரியாமல் போய்விடும். நாகரிகமாம்!

ருதைனாவின் அம்மா, மகன் பெயரால் ஊருக்கு 'உம் குதைபா', அதாவது குதைபாவின் அம்மா, நாலு வருஷமாக இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறியவள். "நிறமா? கோதுமை. உசரம் என்னைவிட ஒரு சாண் கூட. உடம்பு... கொஞ்சம் பூசினாப்புல இருப்பா."

அந்தக் 'கொஞ்சம்' காதில் விழும்போதெல்லாம் ருதைனா பல்லைக் கடிப்பாள். முப்பத்தொரு வயது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். உடம்பு அவளுக்குப் பாரமாக இருந்ததே இல்லை, அம்மாவின் 'கொஞ்சம்'தான் பாரம். அதைக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு போய் நிற்பது அம்மாவா, அவளா? வந்த பெண்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். கண் மெல்லக் கீழே இறங்கும். இறங்கிய கண் திரும்ப மேலே வராது. வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று காப்பியைக் குடித்துவிட்டு, "இன்ஷா அல்லா, பேசலாம்" என்று எழுந்து போவார்கள். அப்புறம் எங்கே பேசுவது?

இந்த வெள்ளிக்கிழமை அம்மா குளிக்கப் போயிருந்தபோது ஃபோன் அடித்தது. ருதைனா ஓடிப்போய் எடுத்தாள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி முன்திர், இரண்டு வருஷமாகக் கடைக்கு வந்துபோகிறவன், வேலை முடிந்த பிறகும் கல்லாப் பக்கம் நின்று பேசுகிறவன், அவள் அடிக்கும் நக்கலுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவன், போன வாரம்தான் கேட்டிருந்தான்: "எங்கம்மாவ உங்க வீட்டுக்குப் பேசச் சொல்லட்டுமா டாக்டர்?" மருந்துக்கடைக்காரியையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அவன் அம்மாவின் கண்ணும் அப்படிக் கீழே இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"உம் குதைபா வீடுதானே? பெரியவங்க இருக்காங்களா யம்மா?"

"அம்மா குளிக்கிறாங்க காலா." வயசில் மூத்த பெண் யாரானாலும் 'காலா', சித்திதான். "என்ன விஷயம்?"

"நல்ல விஷயந்தான். என் பையன் மருந்துக் கம்பெனில இருக்கான். உங்க வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்காமே. நீ அவ தங்கச்சியா?"

"நான்தான் அந்தப் பொண்ணு."

பெண்ணே எடுத்துப் பேசுவதெல்லாம் என்ன பழக்கம் என்று அந்த அம்மாள் திகைத்திருக்க வேண்டும். ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். "மாஷா அல்லா, குரலே தேனாட்டம் இருக்கு. தப்பா நெனச்சுக்காத, கேக்கறது வழக்கம். நிறம் எப்படி?"

"கோதுமை."

"உடம்பு?"

"குண்டு."

"என்னது?"

"நான் குண்டு காலா. வந்து பாத்துட்டு நீங்க ஏமாறக் கூடாதுல்ல, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளிடம் பேசுகிற குரலில், "அல்லா உனக்குச் சீக்கிரம் சுகத்தைக் குடுக்கட்டும் யம்மா" என்றாள். ஃபோன் வைக்கப்பட்டது.

தலையில் துண்டோடு வந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! உன் வாயாலயே குண்டுன்னா சொன்ன?"

"உள்ளதத்தானே சொன்னேன்."

"உள்ளதாம்! இந்த ஊர்ல சொன்னத சொன்னபடியா எடுத்துக்கறாங்க? பூசினாப்புலன்னு சொன்னா, சரி, பொண்ணு குண்டுன்னு புரிஞ்சுக்குவாங்க. நீயே குண்டுன்னுட்டா அவ என்ன நெனப்பா? கட்டில விட்டு எந்திரிக்கவே ரெண்டு ஆள் வேணும்போலன்னு நெனப்பா!"

"அப்ப இத்தனை பேரும் நான் குண்டுன்னு தெரிஞ்சுதான் வந்தாங்களா? தெரிஞ்சே வந்தவங்க ஏன் ஓடினாங்க?"

"ஓடல. நசீப் இல்ல, விதி கூடல" என்றாள் அம்மா, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே.

ருதைனாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. உள்ளதைச் சொன்னால் அது பெரிய பொய்யாகிப் போகிறது. பொய் சொன்னால் வீடு தேடி வந்து அவமானப்படுத்திவிட்டுப் போகிறார்கள். ஒரு மனுஷி தன் உடம்பைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் ஒரு நேரான வார்த்தை கிடையாதா? ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம் இருந்தது. முன்திருக்குக் கண் இருக்கிறது. கடையில் நடமாடுகிறவளை இரண்டு வருஷமாகப் பார்த்தவன். வீட்டில் எடுத்துச் சொல்லுவான்.

மறுநாள் அவன் கடைக்கு வந்தபோது முகம் கடுகடு என்றிருந்தது. கல்லாவுக்கு முன்னால் ஒரு அம்மாள், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்குக் காத்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டாக்டர்!" என்றான் தாழ்ந்த குரலில். "நான் எவ்வளவு பக்குவமா பேசி வச்சிருந்தேன். எல்லாம் பாழ்."

"என்னன்னு பேசி வச்சிருந்தீங்க?"

"நடுத்தர உடம்புன்னு."

ருதைனா மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தாள். "நேர்ல வந்தா தெரிஞ்சுடாதா?"

"வரட்டும்னுதான். வந்து உங்ககிட்டப் பேசினா அம்மாவுக்குப் பிடிச்சுடும்னு நெனச்சேன்."

"என் நிறத்தக் கேட்டா கோதுமைன்னு சொல்லுவீங்கள்ல? அதே மாதிரி இதையும் சொல்லியிருக்கலாமே. இப்பவாவது வீட்ல போய்ச் சொல்லுங்க. அவ குண்டுதான், நல்லாத்தான் இருக்கா, எனக்குப் பிடிச்சிருக்குன்னு."

"அதெல்லாம் எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது? நீங்க நல்ல... ஆரோக்கியமா, லட்சணமா..."

"அந்த வார்த்தையச் சொல்லுங்க முன்திர். நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ, என்கிட்ட."

"வேணாம் டாக்டர்."

"சொல்லுங்களேன்."

"சரி, குண்டு!" என்று வெடித்தான். "குண்டுதான்! போதுமா?"

குழந்தைக்காரி திரும்பிப் பார்த்தாள். சந்து முனையில் நிற்கும் பயல்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் எறிகிற அதே தொனி, துளியும் மாறாமல் அவன் வாயிலிருந்து வந்தது. அதை அவனும் கேட்டுவிட்டான். முகம் செத்துப்போனது.

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"என்னப் பாத்துச் சிரிச்சுப் பேசினப்பல்லாம்," என்றாள் ருதைனா, "இந்த வார்த்தைய இப்படித்தான் உள்ள வச்சிருந்தீங்களா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ருதைனா குழந்தையின் மருந்துப் பெட்டியில் எத்தனை வேளை என்று எழுதப் பேனாவை எடுத்தாள். முந்தின நாள் முன்பின் தெரியாதவளிடம் அந்த வார்த்தையைக் குரல் பிசிறாமல் சொன்னவள்தான். இப்போது எழுத்து உருப்படியாக வரவில்லை. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.