நடுவாந்தரக் கிளாரினெட்

“ஊதுடி. காத்து பத்தல,” என்றாள் ரெமேய்.

ஷெலோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் சாய்ந்து, இரண்டு பக்கமும் கையை நீட்டி, கிளாரினெட்டின் துளைகளை மூடியும் திறந்தும் கொண்டிருந்தவள் அக்கா ரெமேய். நோய் நுரையீரலைத் தின்று முடித்துவிட்டது. விரல்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஆகவே மூச்சு தங்கையுடையது, விரல் அக்காளுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். சின்ன வயதில் ஒரு மிட்டாயைக்கூட இத்தனை ஒற்றுமையாக இவர்கள் பங்கு போட்டதில்லை.

வாத்தியம் புத்தம் புதிது. கற்றுக்கொள்கிறவர்களின் பிளாஸ்டிக்குக்கும் வித்வான்களின் ஆனைவிலைச் சாமானுக்கும் நடுவாந்தரமானது. கருமரம், வெள்ளிப் பூச்சு விசைகள். வலென்சியா நகரத்துக் கடைக்காரர், வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்பியிருந்தார். இனிமேல் மருந்தில் பயனில்லை என்று மருத்துவர் கைவிரித்த அன்று, ரெமேய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே அந்தக் கடைக்குத்தான் போனாள். கணவர் பாத்திஸ்த் காரை ஓட்டிக்கொண்டே, இப்போது எதற்கு இது என்று கேட்டார். இப்போது இல்லாமல் எப்போது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஊர் பேண்டில் அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மூன்றாவது கிளாரினெட். அன்று வாங்கிய பிளாஸ்டிக்தான் நேற்றுவரை. மூன்றாவது வரிசைக்கு அது தாராளம் என்று சொல்லிச் சொல்லியே பேண்டு மாஸ்டர் எலிசேவ் அவளுடைய ஆசையைத் தட்டிக் கழித்து வந்தார். ஷெலோ முதல் கிளாரினெட்; ராகத்தை எடுப்பவள். அவளிடம் பாரிஸிலிருந்து வந்த வாத்தியம் இருந்தது. அக்காள் அதை ஒருநாளும் தொட்டுப் பார்த்தது கிடையாது. ரோஷக்காரி.

கீழ்ஸ்தாயியில் ஆரம்பித்தார்கள். கனமாக, உருண்டையாக வந்தது. ரெமேய் ‘ம்’ என்றாள். சுண்டுவிரல் விசை ஒன்று லேசாகக் கடகடத்தது. எண்ணெய் விட்டால் சரியாகும் என்றாள். கீழ்ஸ்தாயி முடிந்து மேலே தாண்டும் இடத்தில்தான் வம்பு. எல்லாக் கிளாரினெட்டும் அங்கே தடுக்கும். இது தடுக்கவில்லை, ஆனால் தாண்டலுக்கு முந்தின சுரம் ஜலதோஷம் பிடித்தவன் பேச்சுமாதிரி அடைத்துக்கொண்டு வந்தது. ரெமேய் அதையே நாலைந்து தடவை பிடித்துப் பார்த்தாள். இன்னொரு துளையையும் சேர்த்து மூடினாள். கொஞ்சம் தெளிந்தது.

ஷெலோ வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தாள். “போதும்க்கா. பச்சை மரம். தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊதிப் பழக்கணும். ஈரம் ஏறிப்போச்சுன்னா விரிசல் விட்டுரும்.”

“அது பழகறவரைக்கும் நான் உக்காந்திருக்கப் போறேனா? ஊது.”

ஊதினாள். மேல்ஸ்தாயிக்குப் போய், இறங்கி, மறுபடி அடித்தொண்டைக்கு வந்தார்கள். கடைசியில் ரெமேயின் விரல்கள் தாமாகவே வழுக்கி விழுந்தன. ஷெலோ அவளைத் தலையணையில் சாய்த்தாள்.

“வெச்சுக்கறேன்னு கடைக்காரருக்குச் சொல்லிரு,” என்றாள் ரெமேய், கண்ணை மூடிக்கொண்டே.

“அந்தச் சுரம் அடைக்குதேக்கா?”

“அடைக்கட்டும். குறை எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன்ல. இனி அது எனக்கு அடங்கும்.”

அன்று சாயங்காலம், பாத்திஸ்த் ஆரஞ்சு மண்டியிலிருந்து வந்து சட்டை மாற்றுவதற்குள், ரெமேய் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சடலக்கூடத்தில் ஊரே வந்து வீட்டாரை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, காபி இயந்திரத்தைச் சுற்றி நின்று ஆரஞ்சு விலையைப் பேசியது. ஷெலோவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அழுதுகொண்டே கிளாரினெட் ஊத யாராலும் முடியாது.

பாத்திஸ்த் அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் இருக்க முடியாது என்றார்.

“அவ வெச்சுக்கறேன்னு சொல்லிட்டா அத்தான்.”

“உன்கிட்ட சொன்னா. நான் கேக்கலையே.” அவர் குரலில் ஒரு முள் இருந்தது. “உனக்கு வேணும்னா நேரா கேளு, ஷெலோ.”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னிடம் இருக்கும் வாத்தியத்துக்கு முன்னால் இது எந்த மூலைக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அக்காளைத் தாழ்த்திப் பேசியதாகும். விழுங்கிக்கொண்டாள்.

“மத்தியானம் மாதா கோயில்ல நான் அதுலதான் வாசிக்கப் போறேன். கேளுங்க. அப்புறமும் வேண்டாம்னா நாளைக்கே நான் கொண்டுபோய்க் கொடுத்துர்றேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எலிசேவ் வந்தார். எல்லாம் வழக்கப்படி நடக்கும் என்று ஆறுதலாகச் சொன்னார். பேண்டின் கொடி சவப்பெட்டிமேல். மூன்றாவது வரிசையில் ரெமேயின் நாற்காலி காலியாக இருக்கும், அதன்மேல் அவள் கிளாரினெட். அந்தப் பழைய பிளாஸ்டிக்கை யாராவது துடைத்துக் கொண்டுவர வேண்டும் என்றார். இறந்தவருக்கு பேண்டு செய்யும் மரியாதை அது. ஊரில் அதைப் பார்த்துக் கண்கலங்காதவர் இல்லை.

ரெமேய் ஒருத்தி கலங்காமல் இருந்தவள். போன வருஷம் டிராம்போன் நெலோ இறந்தபோது அவனுடைய டிராம்போன் நாற்காலியில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குதித்தாள். ஆள் செத்தது போதாதென்று அவன் வாசிப்பையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள், இதற்குப் பெயர் மரியாதையா என்று ஷெலோவிடம் இரைந்தாள்.

“நாற்காலி காலியா இருக்காது மாஸ்டர். நான் உக்காருவேன்,” என்றாள் ஷெலோ.

எலிசேவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பதறினார். “முதல் கிளாரினெட் பின்னாடி போனா ராகத்த யாரு எடுக்கறது?”

“முன்னாடி இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. மூணாவதுக்கு இனி யாரு இருக்கா?”

எலிசேவ் கெட்டவர் அல்ல. அவள் தோளில் கைவைத்து, மெதுவாகத்தான் சொன்னார். “மூணாவது இல்லேன்னா யாருக்கும் தெரியாதும்மா.”

“இன்னிக்குத் தெரியும்,” என்று தோளை விலக்கிக்கொண்டாள்.

கோயிலுக்குள் வெளியைவிடக் குளிர். ஷெலோ நேரே மூன்றாவது வரிசைக்குப் போனாள். யாரோ கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்டிக் கிளாரினெட்டை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வரிசைகளில் முணுமுணுப்பு ஓடியது. முன்வரிசையில் அவளுடைய இடம் பல் விழுந்த மாதிரி தெரிந்தது. எலிசேவ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையை நிமிர்த்தாமல் புது வாத்தியத்தின் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவர் கையை உயர்த்தினார்.

சாவுக்கு வாசிக்கும் மார்ச் இசை தொடங்கியது. முன்னால் ராகம் சற்று மெலிந்துதான் வந்தது. மூன்றாவதுக்கு ராகம் கிடையாது. நீளமான சுரங்கள், அடியில், ஒன்றன்பின் ஒன்றாக. இத்தனை வருஷம் அதன்மேல் ஏறி நின்று ராகம் வாசித்தவள் ஷெலோ. இன்றுதான் கீழே இறங்கி அதைத் தோளில் சுமந்தாள். புது மரம் குளிரில் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆவது ஆகட்டும் என்று நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாள். மாஸ்டர் தாளில் எழுதி வைத்திருந்த ‘சத்தம் குறைத்து’ என்பதை அவள் சட்டை செய்யவில்லை. அடைக்கும் சுரம் வந்தபோது அக்காள் மூடிய அதே துளையையும் சேர்த்து மூடினாள்.

ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று.

கடைசிச் சுரம். நிறுத்தச் சொல்லி எலிசேவ் விரல்களைக் குவித்துக் கையை மூடினார். பேண்டு மொத்தமும் நின்றது. ஷெலோ நிறுத்தவில்லை.

அந்தக் கீழ்ச்சுரம் தனியாகக் கோயில் முழுக்க நின்றது. உட்காரப் போனவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள், உட்காருவதா எழுந்திருப்பதா என்று தெரியாமல். பாதிரியார் ஜெபத்துக்குத் திறந்த வாயோடு காத்திருந்தார். முன்பெஞ்சில் பாத்திஸ்த் மட்டும் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி, மூன்றாவது வரிசையைப் பார்த்து நின்றார். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும், நீ வாசித்தது நன்றாகக் கேட்டது என்று பெண்டாட்டியிடம் பொய் சொல்லி வந்த மனுஷன்.

எலிசேவ் மூடிய கையை மறுபடி திறந்தார்.