ஆக்னஸுக்கு ஒரு மேஜை

ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லாதபோதும் ஆக்னஸ் தினமும் வந்துகொண்டிருந்தாள். மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நசுங்கி, ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் அந்தக் கம்பெனிக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மாடியில் முக்கால்வாசி நாற்காலிகள் காலி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்கள், அக்காவுக்கு ஓசி ஏசி வேண்டியிருக்கிறது என்று போனில் கேலி செய்வார்கள். அவளும் ஆமாம் என்று சிரித்துவைப்பாள்.

வீட்டில் அவள் கணவன் ஆரோக்கியசாமி இருந்தான். சனத்நகரில் அவன் வேலை பார்த்த பட்டறையை மூடியதிலிருந்து வெளியே போவதையே விட்டுவிட்டான். குடிப்பவன் இல்லை, கை நீட்டுபவனும் இல்லை. ஊரடங்கில் அவள் படுக்கையறையிலிருந்து வேலை பார்த்தபோது, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவள் மீட்டிங்கில் பேசி முடித்ததும் விசாரணை தொடங்கும். அந்த ஆளிடம் எதற்குச் சிரித்தாய்? 'சரி சார்' என்பதை ஏன் அப்படி இழுத்தாய்? என்னிடம் ஒருநாளாவது இப்படிக் குழைந்திருக்கிறாயா? பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. போகப்போக மீட்டிங்கில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று மேலிடத்தில் குறை சொன்னார்கள்.

ஆபீஸ் மறுபடி திறந்த அன்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வெறிச்சோடிக் கிடந்த மாடியில் சத்தமாக இருமிப் பார்த்தாள். ஏன் இருமினாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்த மார்ச்சில் கம்பெனி அந்த மாடியைக் காலி செய்ய முடிவெடுத்தது. எல்லோரும் இனி வீட்டிலிருந்துதான். ஆக்னஸ் மேனேஜர் கிருஷ்ணகுமாரின் அறைக்குப் போனாள். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். வேறு கிளையில் ஒரு மூலை கிடைத்தால்கூடப் போதும் என்று கேட்டாள். வீட்டில் வசதியில்லை என்றாள்.

"அதுக்கென்னங்க, மேஜை நாற்காலி எல்லாம் கம்பெனியே அனுப்பிருமுங்க."

ஆக்னஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "வீட்ல அவர் இருக்கார் சார்."

"துணைக்கு ஆள் இருக்கறது நல்லதுதானுங்களே."

அவர் உண்மையாகவே மகிழ்ந்து சொன்னார். ஆக்னஸ் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். ஆபீஸ் மறுபடி திறந்ததிலிருந்து ஒருநாள் தவறாமல் வந்ததைப் பாராட்டி, கடைசி நாளில் எல்லோர் முன்னும் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள்.

அவள் வீடு திரும்பியபோது மேஜை வந்திருந்தது. ஆரோக்கியசாமி அதைத் துடைத்து, கட்டிலுக்கு எதிரே போட்டுவைத்திருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்று முகச்சவரம் செய்திருந்தான்.

"எதுக்கு அவ்ளோ தூரம் அலையணும்? இனிமே நக்கோ, போக வேணாம். நான் இருக்கேன்ல, டீ போட்டுத் தாரேன்."

அவன் குரலில் பாசம்தான் இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

மறுநாள் காலை வேலையைத் தொடங்குமுன் மேஜையைத் தள்ளி, கணினித்திரை கட்டிலுக்கு மறையும்படி, தன் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டாள். ஆரோக்கியசாமி டீ போட்டுக் கொண்டுவந்தான். டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து சுவருக்கும் மேஜைக்கும் நடுவே, அவள் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கணினியில் கிருஷ்ணகுமார் எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். ஆக்னஸ் உதட்டை மட்டும் அசைத்தாள்.