பொரிக்கு வராத மீன்கள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஆறு வருஷமாக எங்கள் ஆபீஸில் யாருக்குப் பொழுது போகாவிட்டாலும் பிச்சுமணி ஐயர் காயலுக்குப் பொரி போட்ட கதையை எடுத்துவிடுகிறார்கள். ஒருவருக்காவது ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா என்றால் இல்லை. ஒருவர் பொரி என்கிறார், இன்னொருவர் அவல் என்கிறார், மூன்றாமவர் ஐயரைத் தண்ணீருக்குள்ளேயே தள்ளிவிடுகிறார். நானே எழுதிவிட்டால் தொல்லை விட்டது என்று உட்கார்ந்தேன். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது.

இதுவரை எழுதிய தொடக்கங்கள்:

"கொல்லம் 1113-ஆம் ஆண்டு (இங்கிலீஷ் கணக்கில் 1938) மேட மாதத்தில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே எட்டு மைலில் உள்ள கரிப்புறக் காயல் இளவெயிலில் தகதகவென்று" — வேண்டாம். காயல் தகதகக்க ஆரம்பித்தால் கதை கரையிலேயே நின்றுவிடும்.

"பிச்சுமணி ஐயர் பரம சாது." — அவரோடு ஒரே அறையில் வேலை பார்க்காதவர்கள் எழுத வேண்டிய வாக்கியம்.

"மீன் என்பது யாதெனில்" — என்னைச் சொல்ல வேண்டும்.

(காயலின் பெயர் நான் வைத்தது. எந்த டிபார்ட்மெண்ட் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் ஒன்பது மாத சர்வீஸ் பாக்கி இருக்கிறது.)

2

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜாவாவிலிருந்து வந்த கௌராமி என்ற மீனை மதராஸ் பக்கம் குளங்களில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். நம் காயலிலும் அதை விட்டால் என்ன என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. விட்டால் மூன்று வருஷத்துக்கு அங்கே யாரும் வலை போடக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. வந்த மீன் பெருக வேண்டும். அதனால் முதலில் ஒரு ஜாபிதா கேட்டார்கள். காயலில் ஏற்கெனவே என்னென்ன மீன் உண்டு? தின்னத் தகுந்தது இருந்தால் காயலை அப்படியே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் கௌராமி.

இந்த ஜாபிதாவைத் தயாரிக்கப் பிச்சுமணி ஐயரை அனுப்பினார்கள். இங்கிலீஷ் நன்றாக எழுதுவார் என்பது காரணம். மீனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டைக்குள் வீடு. அவர் பிறந்ததிலிருந்து பார்த்த மீனெல்லாம் பத்மதீர்த்தக் கோயில்குளத்து மீன்தான். படியில் நின்று பொரியைத் தூவினால் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறக்கும்; கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

(எனக்கு வரால் குழம்பு என்றால் உயிர். எங்கள் நாஞ்சில்நாட்டு வீடுகளில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை, நல்ல பிரதி எடுக்கும்போது அடித்துவிடுகிறேன்.)

3

தாசம்மாளை இங்கே கொண்டுவர வேண்டும். காயல்கரையில் குடிசை, புருஷன் கிடையாது, இரண்டு பெண்குழந்தைகள். சேற்றோரம் மூங்கில் கூடு வைத்து வரால் பிடித்து, மண்பானையில் தண்ணீர் விட்டு, உயிரோடு சாலைக் கம்போளத்துக்குச் சுமந்து வந்து விற்பாள். காயலை மூடினால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஐயர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, இருக்கிற மீனில் வகைக்கொன்றாகப் பிடித்துப் பானையில் போட்டு வைத்திருந்தாள்.

ஐயர் குடையோடு வந்து நாற்பது அடி தள்ளி நின்றார். (நான் அங்கே இல்லை. ஐயர் சொன்னதையும் அவள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பேரும் நாற்பது அடி என்றுதான் சொன்னார்கள்.)

"சாமி, ஒண்ணு வந்து நோக்கணும். பானையில எல்லாம் உண்டு. வரால் உண்டு, காரி உண்டு, ஆரல் உண்டு."

"நீ அங்கேயே இரு. கிட்ட வராதே. எனக்குப் பாக்கத் தெரியும்."

"அவ்வளவு தூரத்தில நின்னா எங்ஙனெ சாமி காணும்?"

ஐயர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பொரி. பிரித்து, கரையோரத் தண்ணீரில் மூன்று பிடி தூவிவிட்டு, பென்சிலும் நோட்டுமாக நின்றார். பொடிப்பொடியாகப் பரல் மீன் வந்தது. நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு மானத்துக்கண்ணி வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டார்.

"சாமி, வரால் பொரிக்கு வராது. அது அடியில சேத்தில கிடக்கும்."

"பசிச்சா வராதோ?"

"பசிச்சா அது தவளையைத் தின்னும்."

ஐயர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாற்பது அடி நடந்து ஒரு பானைக்குள் எட்டிப் பார்க்க ஒரு மனுஷனுக்கு என்ன கேடு? தொட வேண்டாம், மோந்து பார்க்க வேண்டாம், எட்டிப் பார்த்தால் போதும். கதைதானே, நடக்க வைத்துவிடலாம் என்று நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். "அப்போது அடித்த காற்றில் ஐயரின் குடை பறந்து பானையருகே போய் விழுந்தது. அதை எடுக்க அவர்" — எடுக்கவில்லை. புதுக் குடை வாங்கிக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். தாசம்மாளைப் பானையோடு அவரிடம் நடக்கவிட்டேன். அவள் பத்து அடி வந்தால் அவர் பத்து அடி பின்னால் போகிறார். விட்டால் இரண்டு பேரும் நெய்யாற்றின்கரைக்கே போய்ச் சேருவார்கள். ஐயரின் மனச்சாட்சியைப் பேசவைத்தேன். அதுவும் அவரைப் போலவே ரூல் பேசிற்று.

4

ஜாபிதா இப்படி வந்தது. உள்நாட்டு மீன்கள்: ஒன்று, பரல். இரண்டு, மானத்துக்கண்ணி. இரண்டும் விரல் நீளம், உணவுக்கு ஆகா. கூடவே ஒரு சிபார்சு. மாதிரிக்கு ஒரு தகரத் தொட்டியில் வந்திருந்த கௌராமிக்கும் ஐயர் பொரி போட்டுப் பார்த்தாராம். உடனே மேலே வந்ததாம். இலை தழை தின்னும் சாதுவான ஜீவன், காயலில் விட உகந்தது.

விட்டார்கள். முந்நூறு குஞ்சு. தாசம்மாளின் கூடுகளைப் பிடுங்கி உடைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பெரிய மனிதர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வலை வீசச் சொன்னால், ஒரு கௌராமி இல்லை. ஜாபிதாவில் இல்லாத வரால்கள் சிபார்சில் இருந்த கௌராமிகளை என்றைக்கோ தின்று தீர்த்திருந்தன. வராலோ சேற்றுக்குள் போய்விட்டது, வலையில் அகப்படவில்லை. குஞ்சு பெருக அவகாசம் போதவில்லை என்று முடிவு செய்து, இன்னொரு முந்நூறு விட்டு, தடையை மேலும் மூன்று வருஷம் நீட்டினார்கள்.

ஆபீஸில் சிரிப்பது, ஒரு கௌராமியும் அகப்படாத இந்த இடத்தில்தான்; வரால் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. நானும் இங்கே முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடி, படிக்கச் சொல்லி உலகம்மையிடம் கொடுத்தேன். உலகம்மை என் மனைவி. அவள் கதைக்குள் வருவதாக இல்லை.

5

அவள் படித்தாள். சிரிக்கவில்லை.

"ஐயரெ வச்சு நல்லாக் களியாக்கியிருக்கிய. செரி. அந்த ஜாபிதாவெ டைப் அடிச்சது ஆரு?"

"ஆபீஸில் யாரோ அடிச்சிருப்பாங்க."

"யாரோவா? அண்ணைக்கு ஒங்களுக்கு வரால் கொழம்பு வச்சது நானாக்கும். தாசம்மாட்ட வாங்கியாந்த வரால். அது எங்க இதில?"

மேலே நான் அடித்துவிடுகிறேன் என்று சொன்ன குறிப்பை இனி அடிக்க முடியாது. ஆமாம், டைப் அடித்தது நான்தான். ஏழு பக்கம், நடுவில் மூன்று கார்பன். சனிக்கிழமை, பன்னிரண்டே முக்கால். கடைசிப் பக்கத்தில் ஜாபிதா. இரண்டாவது பெயரை அடித்து முடித்ததும் விரல் நின்றது. வராலை விட்டுவிட்டாரே மனுஷன் என்று வாய்விட்டே சொன்னேன். ஐயருக்கு வரால் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் காயல் வராலை வாரா வாரம் தின்றவன் நான்.

ஐயரிடம் போய்ச் சொல்லி, அவர் வாதாடி, ஒத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தையும் சிபார்சுப் பக்கத்தையும் திரும்ப அடித்தால் மணி இரண்டாகும். தாசம்மாள் ஒரு மணிக்கு மேல் கம்போளத்தில் நிற்க மாட்டாள். எனக்கு வரால் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

அப்படியே அடித்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டு ஓடினேன்.

"சாரே, நீங்க அந்த ஆப்பீஸில அல்லே?" என்று தாசம்மாள் கேட்டாள். "சாமி எழுதினதில வரால் உண்டோ?"

"பாக்கலாம்" என்றேன். அவள் பானைக்குள் கையை விட்டுத் துழாவி, இருந்ததில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தந்தாள்.

பதினொரு நாளாக ஐயரை நாற்பது அடி நடக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பானைக்குப் பக்கத்தில் நின்றது நான். வெட்கமாக இருக்கிறது. இப்போது தாசம்மாள் கம்போளத்தில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை சுமக்கிறாள், மூத்த பெண்ணும் கூடச் சுமக்கிறது. தூரத்தில் கண்டாலே நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். எத்தனை அடி தூரம் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

6

முடிவுகள்:

(அ) கதாசிரியன் தாசம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான், அவள் கண்ணீரோடு— இல்லை. அவளுக்கு என் மன்னிப்பு எதற்கு? காயல் வேண்டும்.

(ஆ) உண்மை தானாக வெளிவருகிறது. ஆறு வருஷமாக வரவில்லை.

(இ) இதை நான் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். இரண்டாவது மூன்று வருஷமும் இந்த மாதத்தோடு முடிகிறது. தடையை மறுபடி நீட்டலாமா என்று ஃபைல் வந்திருக்கிறது; பழைய ஜாபிதாவைப் புதிதாக அடித்து அனுப்ப வேண்டும். யுத்தகாலம், அரிசிக்கு ரேஷன், ஊரே மரச்சீனி தின்கிறது. ஐயர் வேறு செக்ஷனுக்குப் போய்விட்டார். அடிக்க வேண்டியது நான். ஒரு வரி சேர்த்தால், ஆறு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். பென்ஷனுக்கு ஒன்பது மாதம்.

"ஒரு வரிதானே" என்கிறாள் உலகம்மை. அவள் ஆறு வருஷமாக வரால் வாங்கச் சொன்னதில்லை என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

காகிதத்தை மிஷினில் ஏற்றியாகிவிட்டது. நடுவில் மூன்று கார்பன்.

1. பரல்.

2. மானத்துக்கண்ணி.

3.

இதற்கு மேல் என்னால் முடிக்க முடியவில்லை. என் விரலை நம்பி நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அந்தக் காயலில் வரால் உண்டு என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.