உவர்த்தண்ணிச் சோதினை

கொழும்பிலை கார் பறக்குதாம், றோட்டுக்கு மேலை றோட்டாம். எழுபத்தொன்பதாம் ஆண்டிலை நயினாதீவுக்குப் போக எனக்குக் கிடைச்சது கோதாரியிலை போன அதே பழைய லோஞ்ச் வள்ளந்தான். இயந்திர மனிசர் செய்யிற குற்றங்களை விசாரிக்கவெண்டு ஊர்காவற்றுறைப் பொலிசிலை இருந்தது நான் ஒருத்தன், சப்-இன்ஸ்பெக்டர் கதிர்காமு. மனிசனோ இயந்திரமோ எண்டு பாக்க மேலிடம் தந்த கருவி உப்புக்காத்திலை கறள் பிடிச்சுப்போச்சு. அதைக் கந்தோர்க் கதவுக்கு முட்டுக்குடுத்து வைச்சிருந்தன்.

முறைப்பாடு குருநாகலிலையிருந்து வந்தது. நயினாதீவைச் சேர்ந்த தில்லைநாதன் அங்கை கடை வைச்சிருக்கிறார். தான் நித்திரை கொள்ளேக்கை கடையைப் பாக்கவெண்டு தன்ரை முகத்தோடை ஒரு இயந்திர மனிசனைச் செய்விச்சவர். அது ஓடிப்போச்சு. அதே கிழமை, கன வருசமாய் ஊர்ப்பக்கம் தலை காட்டாத தில்லைநாதன் நயினாதீவிலை வந்து இறங்கி, மனிசி செல்லாச்சியோடை இருக்கிறாரெண்டு கதை. இயந்திரம் மனிசனெண்டு சொல்லிக்கொண்டு ஒரு வீட்டிலை இருந்தால் அது குற்றம். பிடிபட்டால் உருக்கிப்போடுவினம்.

கருவி இல்லாட்டில் என்ன, தீவுக்காரனிட்டை ஒரு சோதினை கிடக்கு. எங்கடை கிணத்துத் தண்ணி உவர். தெற்கிலை கடை வைச்சவன் ஊருக்கு வந்தால் மனிசி முதலிலை ஒரு செம்புத் தண்ணி குடுப்பாள். நல்ல தண்ணி குடிச்சுப் பழகினவனுக்கு முதல் மிடறிலையே முகம் கோணும். நிக்கிற சனம் "ஆள் வந்திட்டார்" எண்டு சிரிக்கும். அதுக்குப் பிறகுதான் அவன் வீட்டுக்குள்ளை போறது. அந்தக் கோணல் மாற ஒரு மாசமாவது செல்லும்.

"தங்கச்சி, இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடும்" எண்டு அவையின்ரை வீட்டு முற்றத்திலை நிண்டு செல்லாச்சியிட்டைச் சொன்னன். அவள் என்னை ஒருக்காப் பாத்துப்போட்டுக் குடுத்தாள். தில்லைநாதனெண்டு சொல்லிக்கொண்டு கதிரையிலை இருந்தது செம்பை அண்ணாந்து முழுக்கக் குடிச்சுது. முகத்திலை ஒரு சுருக்கம் விழேல்லை.

"ஏன் இஞ்சை வந்தனீர்?" எண்டு நேரை அதிட்டையே கேட்டன்.

"அவர் ஒவ்வொரு நாளும் கடை பூட்டேக்கை, நாளைக்கு ஊருக்குப் போகவேணுமெண்டு சொல்லுவார். போறேல்லை. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு. ஒராளெண்டாலும் போகவேணுமெண்டு வந்தனான்."

நான் வாசல் படலையைத் தாண்ட, செல்லாச்சி பின்னாலை வந்தாள். "எனக்கு முதல் நாளே தெரியும் ஐயா. நானும் தண்ணி குடுத்தனான்தானே" எண்டாள்.

"பிறகேன் வைச்சிருக்கிறீர்? உமக்கென்ன விசரே?"

"பொழுதுபட 'வந்திட்டனப்பா' எண்டு படலையடியிலை ஒரு குரல் கேக்குது. அந்தக் குரலைக் கேட்டு எத்தினை வருசம்." படலையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள், "ஐயா, அவரைக் கூப்பிடுங்கோ. நான் கூப்பிட்டால் வாறேல்லை. தன்ரை சாமானைப் பாக்கவெண்டாலும் வரட்டும். வந்து இந்த மண்ணிலை கால் வைச்சால் நிப்பார்."

களவுபோன சாமானை உடையவன் நேரிலை வந்து அடையாளம் காட்டவேணுமெண்டு குருநாகலுக்குத் தந்தி அடிச்சன். சட்டமும் அதுதான்.

மற்றக் கிழமை தில்லைநாதன் வந்தார். செல்லாச்சி நல்ல சீலை உடுத்து, ரெண்டு செம்பிலை தண்ணியோடை இறங்குதுறையிலை நிண்டாள். பக்கத்திலை இயந்திரம். லோஞ்சாலை இறங்கின மனிசன் அவளைப் பாத்து, பிறகு நிலத்தைப் பாத்தார். "லோஞ்ச் திரும்ப வெளிக்கிடப்போகுது ஐயா, கெதியாய் முடிப்பம்" எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"சோதிக்காமல் ஒருத்தரையும் விட ஏலாது" எண்டு இயந்திரத்திட்டைச் செம்பைக் குடுத்தன். அது ஒரு மிடறு குடிச்சுது. குடிச்ச உடனை முகம் முழுக்கக் கோணிச்சுது, இடக்கண் மூடி, வாய் ஒரு பக்கம் இழுபட்டு. செல்லாச்சி பழக்கினவளோ, அதுவாய்ப் பழகினதோ, நான் கேக்கேல்லை. தில்லைநாதன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார்.

"இவர் மனிசன். இனி நீர் குடியும்" எண்டன்.

செல்லாச்சி மற்றச் செம்பை நீட்டினாள். "இஞ்சருங்கோ" எண்டு மட்டும் சொன்னாள். அவர் வாங்கி உதட்டடிக்குக் கொண்டுபோனார். செம்பு உதட்டிலை பட்டுது. அப்பிடியே நிண்டுபோட்டுச் செம்பைக் கல்லிலை வைச்சார்.

"இதைக் குடிச்சனெண்டால் என்னாலை போக ஏலாது ஐயா. கடை கிடக்கு."

"அப்ப போகாதையும்."

லோஞ்ச்காரன் மணி அடிச்சான். தில்லைநாதன் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தன்ரை சாமானைத் தாவெண்டு பிறகு கேக்கவுமில்லை. உடையவர் அடையாளம் காட்டேல்லை, சோதினையிலை இயந்திரம் அகப்படேல்லை எண்டு வழக்கை மூடினன். மேலிடம் வேணுமெண்டால் வந்து தண்ணி குடிச்சுப் பாக்கட்டும்.

லோஞ்ச் தூரத்திலை சின்னதாய்ப் போகுமட்டும் செல்லாச்சி கடலைப் பாத்தபடி நிண்டாள். பிறகு கல்லிலை அவர் வைச்ச செம்பை எடுத்து, அவரின்ரை உதடு பட்ட பக்கத்தாலை, கடைசிச் சொட்டுவரை குடிச்சாள்.

"நான் சரியாய் முகம் சுழிச்சனானோ?" எண்டு இயந்திரம் கேட்டுது.

"ஓம். அவர் முந்திச் சுழிக்கிற மாதிரியே" எண்டாள் செல்லாச்சி, கடலிலையிருந்து கண்ணை எடுக்காமல்.